பள்ளிக் கழிப்பறையைக் கழுவுவது யார்? இந்திய வரலாற்றில் ஒரு பழைய கேள்வி

1915ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், சாந்திநிகேதனில் அதுவரை பணியாளர்கள் செய்துவந்த வேலைகள் அனைத்தையும் மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களே மேற்கொண்டனர். சமையல், பாத்திரம் துலக்குதல், தண்ணீர் கொணர்தல் ஆகியவற்றோடு கழிப்பிடத் துப்புரவும் அவற்றுள் அடங்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து சில வாரங்களுக்கு முன் நாடு திரும்பியிருந்த காந்தி முன்வைத்த யோசனை அது. தாகூர் அதற்கு இசைந்தார். எனினும் அம்முயற்சி நெடுநாள் நீடிக்கவில்லை. சில வாரங்களில் பழைய ஏற்பாடே திரும்பியது. மார்ச் 10 மட்டும் 'காந்தி புண்ணியாகம்' என்ற பெயரில் அங்கே நினைவுநாளாக நிலைத்தது. அன்று பணியாளர்களுக்கு விடுமுறை. மாணவரும் ஆசிரியரும் வளாகத்தைத் தூய்மை செய்வர். அன்றாடக் கடமையாகத் தொடங்கிய ஒன்று ஆண்டுக்கு ஒருநாள் சடங்காகச் சுருங்கிய கதை இது.

பள்ளிக் கழிப்பறையின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் கட்டடங்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குகின்றனர். ஆனால், எத்தனை கழிப்பறைகள் கட்டப்பட்டன என்பதைவிட, கட்டிய பின் தண்ணீர் எங்கிருந்து வந்தது, குழி நிரம்பியபோது என்ன ஆயிற்று, காலையில் அதைக் கழுவியவர் யார் என்பனவே அவ்வரலாற்றைத் தீர்மானித்துள்ளன. இம்மூன்றும் வடிவமைப்பைச் சேர்ந்த கேள்விகள். இந்தியாவில் இவை வடிவமைப்பிலிருந்து பிரிக்கப்பட்டுப் 'பராமரிப்பு' என்னும் தனித்தலைப்பின் கீழ்த் தள்ளப்பட்டன. பராமரிப்போ எவருடைய பொறுப்பிலும் நிலையாக வைக்கப்படவில்லை.

குடியேற்றக் காலத்துப் பள்ளிகளைப் பற்றி இவ்வகையில் சொல்ல அதிகமில்லை. 1909இல் பரோடா நகரில் பள்ளிச் சிறார்க்கு மருத்துவப் பரிசோதனை நடத்தப்பட்டதே இந்தியாவில் பள்ளி நலப்பணியின் தொடக்கமாகப் பாடநூல்களில் குறிக்கப்படுகிறது. 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, பள்ளி நலப்பணி என ஒன்று நாட்டில் ஏறக்குறைய இல்லை என்றே கண்டது. சிற்றூர்ப் பள்ளிக்கு வயல்வெளியே கழிப்பிடம். நகர நிறுவனங்களில் இருந்தவை எடுப்புக் கக்கூஸ்கள். அவற்றை நாள்தோறும் அள்ளுவதற்கென்றே பிறப்பால் ஒதுக்கப்பட்ட சாதிகள் இருந்தன. அந்தச் சாதிகளின் பிள்ளைகள் பள்ளிக்குள் நுழைவதே அரிதாயிருந்த காலம் அது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இப்பின்னணியில்தான் காந்தியின் முயற்சியைப் பார்க்க வேண்டியுள்ளது. 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில் வேலையாட்கள் கிடையாது. பெரியவர்களோடு பிள்ளைகளும் குழி தோண்டினர். மலத்தை மண்ணிட்டு மூடி எருவாக்கினர். அப்பிள்ளைகளில் கணிசமானோர் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பது இங்கே நினைவுகூரத்தக்கது. சாந்திநிகேதனுக்கு வந்த யோசனை அப்பண்ணையின் அன்றாட நடைமுறையே. பின்னர் 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து, ஜாகிர் உசேன் குழுவின் வழியே ஆதாரக் கல்வித் திட்டம் உருப்பெற்றபோது, அந்நடைமுறை ஒரு பாடத்திட்டத்தின் பகுதியாயிற்று. சேவாகிராமத்தில் இந்துஸ்தானி தாலிமி சங்கத்தை நடத்தியவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழரான எட்வர்ட் வில்லியம் ஆரியநாயகமும் அவர் துணைவியார் ஆஷாதேவியும் ஆவர். அங்கே துப்புரவு தண்டனையாகவோ தொண்டாகவோ கருதப்படவில்லை. நூற்பும் தோட்டவேலையும் போல அதுவும் கற்றலுக்குரிய ஒரு தொழில். கழிப்பிடக் குழியிலிருந்து பெற்ற எரு தோட்டத்துக்குப் போயிற்று; எருவின் வழியே மண்ணையும், ஈயின் வழியே நோயையும் பிள்ளைகள் கற்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆதாரக் கல்விப் பள்ளியின் கழிப்பிடம் தொழில்நுட்பத்தில் மிக எளியது. பள்ளமும் மண்ணும் தட்டி மறைப்பும் தவிர அதில் வேறொன்றுமில்லை. ஆயினும் மூன்று கேள்விகளுக்கும் அதனிடம் விடை இருந்தது. தண்ணீர் மிகக் குறைவாகவே தேவைப்பட்டது, கழிவு எருவாயிற்று, தூய்மை செய்வோர் அதைப் பயன்படுத்துவோரே. பின்னாளில் ஓடு பதித்து எழுப்பப்பட்ட பல்லாயிரம் பள்ளிக் கழிப்பறைகளிடம் இம்மூன்றில் ஒன்றுக்குக்கூட விடை இருக்கவில்லை.

ஆனால் இந்த மரபைப் போற்றிப் பாடுவதும் வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. மலம் அள்ளும் தொழிலை உயர்வானதாகப் பேசுவது, அத்தொழிலில் பிணைக்கப்பட்டோரை அதிலேயே நிறுத்திவைக்கும் என்று 1945இல் வெளியான தம் நூலில் அம்பேத்கர் கடுமையாகத் தாக்கினார். அவருடைய ஐயம் அடிப்படையற்றதன்று. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில் பிறந்த ஓம்பிரகாஷ் வால்மீகி, 1997இல் வெளியான 'ஜூட்டன்' என்னும் தன்வரலாற்றில், விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் தாம் படித்த பள்ளியில் நிகழ்ந்ததைப் பதிவுசெய்துள்ளார். பிற மாணவர்கள் வகுப்பில் அமர்ந்திருக்க, அவர் மட்டும் நாள்கணக்கில் பள்ளி வளாகத்தைப் பெருக்கப் பணிக்கப்பட்டார். அவருடைய தந்தை வந்து கண்டு கொதித்தெழுந்த பிறகே துடைப்பம் கைவிட்டது. சேவாகிராமத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஏந்திய அதே துடைப்பம்தான் இது. யாருடைய கையில் கொடுக்கப்படுகிறது என்பதில் அதன் பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது. 2014இல் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வெளியிட்ட, இந்தியப் பள்ளிகளில் நிலவும் பாகுபாடு பற்றிய அறிக்கையிலும், ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவச் சொல்லும் வழக்கம் இடம்பெற்றிருந்தது. 'மாணவர்களே தூய்மை செய்யட்டும்' என்று எளிதாகச் சொல்வோர் இவ்விரண்டு வரலாறுகளையும் ஒருசேரப் படிக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் கேள்வி பொறியாளர்களிடம் சென்றது. 1950களின் பிற்பகுதியில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூர், தில்லிக்கு அருகிலுள்ள நஜப்கர், சென்னைக்கு அருகிலுள்ள பூந்தமல்லி ஆகிய மூன்று இடங்களில், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன், ஊர்ப்புறக் கழிப்பிடங்கள் குறித்த செயல்முறை ஆய்வு நடத்தப்பட்டது. அதன் விளைவாகக் கிடைத்ததே நீரடைப்புக் கோப்பை. சரிவு மிகுந்த கோப்பையும் அதன் அடியில் விரலளவு நீர் தேங்கி நிற்கும் வளைகுழாயும் கொண்ட அமைப்பு அது. அந்த நீர் ஈயையும் நாற்றத்தையும் தடுத்துவிடுகிறது. ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் தண்ணீரைக் கையால் ஊற்றினாலே கழிவு அகன்றுவிடும். 1970இல் பாட்னாவில் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக், இக்கோப்பையோடு இரண்டு குழிகளை இணைக்கும் முறையைப் பரவலாக்கினார். ஒரு குழி சில ஆண்டுகளில் நிரம்பியதும் கழிவு மற்றதற்குத் திருப்பிவிடப்படும். மூடிவைக்கப்பட்ட முதற்குழியில் உள்ளது ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளில் மட்கி, நாற்றமற்ற எருவாகிவிடும். எவரும் மலத்தைக் கையால் தொட வேண்டியதில்லை. காந்தி மனமாற்றத்தால் தீர்க்க முயன்றதைப் பாடக் குழியின் எண்ணிக்கையை இரண்டாக்கித் தீர்க்க முயன்றார் எனலாம்.

இவ்வமைப்பு வீட்டுக்காகச் சிந்திக்கப்பட்டது என்பதே பள்ளிக்கு வரும்போது சிக்கலாகிறது. ஐந்து பேர் நாள் முழுவதும் ஆளுக்கொரு நேரத்தில் பயன்படுத்தும் கழிப்பறையும், இடைவேளை மணி அடித்ததும் நூறு பேர் ஓடிவரும் கழிப்பறையும் ஒன்றல்ல. பல்லாண்டுகளாக மருத்துவ மாணவர்கள் பயின்றுவரும் பார்க்கின் சமுதாய மருத்துவப் பாடநூல், பள்ளியில் 60 மாணவர்க்கு ஒரு சிறுநீர்க் கழிப்பிடமும் 100 மாணவர்க்கு ஒரு மலக் கழிப்பிடமும் வேண்டும் என்கிறது. 100 மாணவியர் உள்ள ஒரு பள்ளியில் இதன்படி மலக் கழிப்பிடம் ஒன்று, சிறுநீர்க் கழிப்பிடம் இரண்டு, ஆக மூன்று இடங்கள். இடைவேளை 15 நிமிடம் என்றால் ஒரு மாணவிக்குக் கிடைப்பது 27 நொடி. 2014இல் நடுவண் அரசு வெளியிட்ட தூய்மைப் பள்ளிக் கையேடு, 40 மாணவர்க்கு ஒரு மலக் கழிப்பிடமும் மூன்று சிறுநீர்க் கழிப்பிடமும் கொண்ட ஓர் அலகு என்று விகிதத்தை உயர்த்தியது. அதே 100 மாணவியருக்கு இப்போது மூன்று அலகுகள், பன்னிரண்டு இடங்கள்; ஒருவருக்கு 108 நொடி. பாவாடையையோ சுரிதாரையோ ஒதுக்கிக்கொண்டு, தாழிட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியேற இதுவே குறைந்த அளவு என்பதை மாணவியர் எவரும் சொல்வர். மகளிர் பகுதியில் சிறுநீர்க் கழிப்பிடமே வைக்காமல் இரண்டு மலக் கழிப்பறைகளோடு நிறுத்திவிடும் வரைபடங்களை வரைந்தோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தண்ணீரின் கணக்கும் இத்தகையதே. 200 பிள்ளைகள் நாளுக்கு ஒருமுறை இரண்டு லிட்டர் ஊற்றினால் 400 லிட்டர். கழிப்பறை சென்று வந்தபின் ஒருமுறை, மதிய உணவுக்கு முன் ஒருமுறை, வேளைக்கு அரை லிட்டர் என்று கைகழுவினால் 200 லிட்டர். தரை கழுவுவதற்கு முன்னரே 600 லிட்டர் ஆகிவிடுகிறது. 15 லிட்டர் வாளியில் 40 வாளி. பத்து லிட்டர் நீர்த்தொட்டி பொருத்திய கோப்பையாக இருந்தால் கோப்பைக்கு மட்டுமே 2,000 லிட்டர். குழாயும் மேல்நிலைத் தொட்டியும் இல்லாத பள்ளியில் இதைச் சுமப்பவர் யார்? கோடை விடுமுறையில் வேறொரு சிக்கல். பயன்பாடின்றி வாரக்கணக்கில் பூட்டிக்கிடக்கும் கழிப்பறையில் வளைகுழாயின் நீர் வற்றிவிடும். பள்ளி திறக்கும் நாளில் குழியின் நாற்றம் நேரே வகுப்புக்கு வரும். விடுமுறையில் அவ்வப்போது ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுவதற்கு ஆள் இருந்தால் போதும். அந்த ஆளைத்தான் எந்த வரைபடமும் காட்டுவதில்லை.

1961இல் ரேணுகா ராய் தலைமையிலான பள்ளி நலக் குழு அறிக்கை அளித்தது; அதன் பின்னரும் பள்ளிக் கழிப்பறை நடுவண் அரசின் பெருந்திட்டம் எதிலும் இடம்பெறக் கால் நூற்றாண்டு பிடித்தது. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987இல் வந்த கரும்பலகைத் திட்டம், தொடக்கப் பள்ளிக்கு இரண்டு பெரிய அறைகளோடு ஆண், பெண் இருபாலர்க்கும் தனித்தனிக் கழிப்பிடம் வேண்டும் என்றது. 1999இல் முழு சுகாதார இயக்கம் பள்ளிகளையும் உள்ளடக்கியது. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தனித்தனிக் கழிப்பறைகளை எல்லாப் பருவநிலைக்கும் உகந்த பள்ளிக் கட்டடத்தின் இன்றியமையாக் கூறாக்கியது. அட்டவணையின் அவ்வரியை மீண்டும் படித்தால் ஒன்று தெரியும். எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை என்பது அதில் இல்லை. உள்ளே தண்ணீர் வேண்டும் என்பது இல்லை. துப்புரவுப் பணியாளர் என்ற சொல்லும் இல்லை. குடிநீருக்குத் தனிவரி உண்டு. 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், கழிப்பறையில்லாப் பள்ளிக்குப் பெற்றோர், குறிப்பாகப் பெண்பிள்ளைகளை, அனுப்புவதில்லை என்பதைச் சுட்டிக்காட்டி மாநிலங்களுக்கு ஆணையிட்டது. 2012 அக்டோபர் 3ஆம் நாள் தீர்ப்பில் ஆறு மாதக் கெடு விதித்தது.

நீதிமன்றத்தின் கவலைக்குப் பின்னர் ஆய்வுச் சான்றும் கிடைத்தது. 2003ஆம் ஆண்டு நடுவண் அரசு பள்ளிகளில் கழிப்பறை கட்டிய திட்டத்தை ஆராய்ந்து அஞ்சலி அடுக்கியா 2017இல் வெளியிட்ட கட்டுரை, கழிப்பறை வந்த பள்ளிகளில் சேர்க்கை உயர்ந்ததைக் காட்டியது. இளம்பிள்ளைகளைப் பொறுத்தவரை பொதுக் கழிப்பறையே பயனளித்தது. பூப்பெய்தும் பருவத்துப் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருந்தால்தான் சேர்க்கை உயர்ந்தது. பெண்களுக்கு வேண்டியது தனிச்சுவர் மட்டுமா, மாதவிடாய்க் காலத்தில் அறைக்குள்ளேயே தண்ணீர், துணியோ நாப்கினோ மாட்டிவைக்க ஒரு கொக்கி, உள்ளிருந்து உறுதியாகப் போடக்கூடிய தாழ்ப்பாள், மூடியுள்ள குப்பைத்தொட்டி ஆகியனவுமா என்பதை எண்ணிக்கைப் பட்டியல்கள் கேட்பதில்லை. தாழ்ப்பாள் உடைந்த கழிப்பறையும் பட்டியலில் ஒரு கழிப்பறைதான்.

2014 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டை உரையில், ஓராண்டுக்குள் எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறை, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை என்ற அறிவிப்பு வந்தது. ஓராண்டு கழிந்ததும் 2,61,400 பள்ளிகளில் 4,17,796 கழிப்பறைகள் கட்டி முடிக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. இந்தியாவின் எந்தக் காலத்திலும் இத்துணை வேகம் இதற்கு முன் காணப்பட்டதில்லை. அதை மறுப்பது நேர்மையாகாது. இவற்றுள் ஏறத்தாழ 1.4 லட்சம் கழிப்பறைகள் நடுவண் பொதுத்துறை நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டவை. அவற்றில் 15 மாநிலங்களைச் சேர்ந்த 2,695ஐத் தணிக்கைத் துறையினர் நேரில் சென்று பார்த்தனர். அந்த அறிக்கை 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 83 கழிப்பறைகள் கட்டப்படவே இல்லை. கட்டி முடித்ததாகக் கணக்கில் வந்த 200 கழிப்பறைகள் அப்பள்ளிகளில் காணப்படவில்லை. 86 அரைகுறையாக நின்றன. எஞ்சிய 2,326இல் 72 விழுக்காட்டில் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை. 55 விழுக்காட்டில் கைகழுவும் வசதி இல்லை. 691 கழிப்பறைகள் பயன்பாட்டிலேயே இல்லை. தண்ணீர் இன்மை, துப்புரவு ஏற்பாடு இன்மை, சேதம், வேறு பயன்பாடு, பூட்டு என்று காரணங்கள் பதிவாயின.

பூட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மாணவர்க்கான கழிப்பறை பூட்டியிருப்பதைக் கண்டால் தலைமையாசிரியரின் அலட்சியம் என்று முடிவுகட்டுவது வழக்கம். ஆனால் கழுவ ஆளில்லாத கழிப்பறையைத் திறந்துவைத்தால் ஒரு வாரத்தில் அது எவரும் நுழைய முடியாததாகிவிடும் என்பதை அவர் அறிவார். ஆய்வாளர் வரும் நாளில் காட்டுவதற்கேனும் அதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பூட்டுவதே வழி. கட்டடம் எண்ணப்படும், பயன்பாடு எண்ணப்படாது என்ற ஏற்பாட்டில் பூட்டு என்பது ஒரு நிருவாகியின் முற்றிலும் அறிவார்ந்த முடிவு. 'ஏசர்' ஆய்வாளர்கள் ஊர்ப்புற அரசுப் பள்ளிகளைப் பார்வையிடும்போது கழிப்பறை உண்டா இல்லையா என்பதோடு நில்லாமல், பயன்படுத்தத்தக்க நிலையில் உள்ளதா என்றும் குறித்துவருவது இதனாலேயே மதிப்புமிக்கதாகிறது. பயன்படுத்தத்தக்க பெண்கள் கழிப்பறை கொண்ட பள்ளிகள் 2010இல் 32.9 விழுக்காடு, 2018இல் 66.4, 2024இல் 72. முதல் எட்டாண்டுகளில் இரட்டித்த விழுக்காடு, அடுத்த ஆறாண்டுகளில் ஆறு புள்ளிகூட உயரவில்லை. சுவரால் எட்டக்கூடிய எல்லை எட்டப்பட்டுவிட்டதை இவ்வெண்கள் காட்டுவதாகக் கொள்ள இடமுண்டு.

சுவருக்கு அப்பாலுள்ள செலவுக்கு என்ன ஒதுக்கப்படுகிறது? 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம், 101 முதல் 250 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். அதில் குறைந்தது 5,000 ரூபாய் தூய்மைப் பணிகளுக்கு. மாதம் 417 ரூபாய். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் துடைப்பமும் வாங்கலாம். அவற்றைப் பிடிக்கும் கைக்குக் கூலி தர முடியாது. ஊராட்சியிடமிருந்தோ பெற்றோரிடமிருந்தோ ஏதேனும் கிடைத்தால் காலையில் ஒருமணிநேரத்துக்கு ஒரு பெண்மணி வருவார். அவர் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று கேட்டால் எடுப்புக் கக்கூஸ் காலத்து விடையே பெரும்பாலும் கிடைக்கும். குழிகளுக்குப் பதிலாகச் செப்டிக் டேங்க் கட்டிய பள்ளிகளில் அது நிரம்பும் ஆண்டில் இன்னொரு கேள்வியும் எழும். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றித் தொட்டிக்குள் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியுள்ளது. உறிஞ்சு லாரி நுழையும் அகலத்துக்கு வாயில் இல்லாத பள்ளியில் தொட்டியைப் பின்புறச் சுவரோரம் கட்டியவர், அச்சட்டம் மீறப்படுவதற்கான சூழலையும் சேர்த்தே கட்டிவிட்டார்.

2023 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி மாணவியரின் மாதவிடாய் நலம் குறித்து நாடு முழுவதற்குமான பொது நடைமுறையை வகுக்குமாறு நடுவண் அரசைப் பணித்தது. குறைந்த விலை நாப்கின், அவற்றைப் பாதுகாப்பாக அகற்றும் ஏற்பாடு ஆகியவற்றோடு, எத்தனை மாணவியர்க்கு எத்தனை கழிப்பறை என்பதற்கு ஒரு தேசிய மாதிரியும் அதில் கோரப்பட்டது. கழிப்பறைக்கு இத்தனை மாணவியர் என்ற விகிதத்தைக் கேட்ட அவ்வழக்கில், கழிப்பறைக்கு இத்தனை பணிநேரம், இத்தனை லிட்டர் தண்ணீர் என்ற விகிதங்களை எவரேனும் கேட்டிருந்தால், 1915இல் சாந்திநிகேதனில் சில வாரங்களோடு கைவிடப்பட்ட கேள்வி நீதிமன்றத்தின் பதிவேட்டில் ஏறியிருக்கும்.